ரூட்டருக்கு ஏற்ற நுண்செயலி எது?

நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை ஒளியிழை வழியே இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற இத்திட்டமும், பிற தொலைத்தொடர்பு விரிவாக்கங்களும் அலுவலகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் வாயில்வரை அதிவேக இணைப்பைக் கொண்டுசேர்க்கும் நோக்கம் உடையவை. ஆயினும், இழை வாயிலை அடைந்த அளவில் பணி நிறைவு பெறுவதில்லை. வெளியிலிருந்து வரும் தகவலை உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளுக்குப் பிரித்தளிக்கவும், வேண்டாதவற்றைத் தடுக்கவும், ஓர் இணைப்பு அறுந்தால் மற்றோர் இணைப்புக்கு மாற்றிவிடவும் ஒரு கருவி தேவை. அதுவே ரூட்டர் எனப்படும் வழிச்செலுத்தி.

இக்கருவியைக் கடையில் ஆயத்த நிலையில் வாங்கலாம். அல்லது பொதுப் பயன்பாட்டு நுண்செயலி, வலையமைப்பு அட்டைகள், கட்டற்ற மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வழியை மேற்கொள்ளும் கல்வி நிறுவனங்களும் அலுவலகங்களும் பல உள்ளன. அவ்வாறு அமைக்கும்போது எந்த நுண்செயலியைத் தேர்வது, அதனுடன் எத்தகைய வன்பொருள்களைச் சேர்ப்பது என்பதில் பொதுவாக ஒரு தவறு நேர்கிறது. விலைப்பட்டியலில் பெரிய எண்ணாகத் தோன்றும் கடிகார வேகத்தையும் உட்கருக்களின் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. இதன் விளைவாகச் சில இடங்களில் தேவைக்கு மேற்பட்ட செலவும், சில இடங்களில் செலவு செய்தும் பயன் கிட்டாத நிலையும் ஏற்படுகின்றன. ரூட்டரின் பணி எத்தகையது என்பதை அறிந்துகொண்டால் இத்தவறைத் தவிர்க்கலாம்.

ரூட்டரின் பணி

வலையமைப்பில் தகவல் ஒரே ஓட்டமாகச் செல்வதில்லை. பொதிகள் எனப்படும் சிறு துண்டுகளாகச் செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். அஞ்சல் பிரிப்பகத்தில் உறைகளின் முகவரியைப் படித்து உரிய பைகளில் இடும் ஊழியரைப் போன்று, ரூட்டர் ஒவ்வொரு பொதியின் தலைப்பையும் படித்து, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதைப் பட்டியலில் பார்த்து, உரிய முனையின் வழியே வெளியே அனுப்புகிறது.

உறைக்குள் இருக்கும் கடிதம் நீளமா, சுருக்கமா என்பது பிரிப்பவரின் உழைப்பை மிகுதியும் பாதிப்பதில்லை. உறைகள் எத்தனை என்பதே பாதிக்கிறது. ரூட்டரின் நிலையும் இதுவே. இதனை மனத்திற்கொண்டால், வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கேள்வியைக் காட்டிலும் வினாடிக்கு எத்தனை பொதிகள் என்ற கேள்வியே முதன்மையானது என்பது விளங்கும்.

வரலாறு தரும் படிப்பினை

பொதுப் பயன்பாட்டுக் கணிப்பொறியைக் கொண்டு ரூட்டர் அமைப்பது புதிய முயற்சி அன்று. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்புக்காக 1969-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட முதல் பொதி மாற்றுக் கருவி, ஹனிவெல் டி.டி.பி. 516 என்ற சிறு கணிப்பொறியை அடிப்படையாகக் கொண்டது. வினாடிக்கு 50 கிலோபிட் வேகமுள்ள இணைப்புகளைக் கையாள அது போதுமானதாக இருந்தது.

1986-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் ஆறு மையங்களை இணைத்துத் தொடங்கிய என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பில் எல்.எஸ்.ஐ. 11/73 என்னும் சிறு கணிப்பொறிகள் ரூட்டர்களாகப் பணியாற்றின. இணைப்புகளின் வேகம் வினாடிக்கு 56 கிலோபிட். குறுகிய காலத்திலேயே போக்குவரத்து பெருகி நெரிசல் ஏற்பட்டது. 1988-இல் 1.5 மெகாபிட் இணைப்புகளுக்கு மாறியபோது, ஒரு கணிப்பொறியால் இயலாத பணியை ஐ.பி.எம். ஆர்.டி. கணிப்பொறிகள் ஒன்பதைச் சேர்த்து அமைத்த ஒரு தொகுதி மேற்கொண்டது. அடுத்து 45 மெகாபிட் இணைப்புகள் வந்தபோது, மைய நுண்செயலியைப் பெரிதாக்குவது மட்டும் போதவில்லை. 1992-இல் பொருத்தப்பட்ட புதிய அட்டைகள், மைய நுண்செயலியின் துணையின்றியே ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குப் பொதிகளைக் கடத்தின.

இந்தியாவில் 1986-இல் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கிக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் பணியை மேற்கொண்டது. அந்நாளில் கிலோபிட்டுகளில் அளக்கப்பட்ட இணைப்பு இன்று கிகாபிட்டுகளில் அளக்கப்படுகிறது. வேகம் பல்லாயிரம் மடங்கு உயர்ந்திருப்பினும், பணியை நுண்செயலி, அட்டை, தடம் ஆகியவற்றிற்கிடையே எவ்வாறு பங்கிடுவது என்ற அடிப்படைச் சிக்கல் மாறவில்லை.

கணக்கிடும் முறை

ஈதர்நெட் வலையமைப்பில் மிகச் சிறிய பொதிச்சட்டத்தின் அளவு 64 பைட். அதற்கு முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி முதலியவற்றிற்காக 20 பைட் சேர்கிறது. ஆக 84 பைட், அதாவது 672 பிட். வினாடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு முழுவதும் இத்தகைய சிறு பொதிகளால் நிறைந்தால், ஒரு திசையில் மட்டும் வினாடிக்குச் சுமார் 14.88 லட்சம் பொதிகள் வரும். மாறாக, 1,518 பைட் அளவுள்ள பெரிய பொதிகளே வந்தால் எண்ணிக்கை சுமார் 81 ஆயிரமாகக் குறையும். ஒரே கிகாபிட், ஆனால் பொதிகளின் எண்ணிக்கையில் பதினெட்டு மடங்கு வேறுபாடு.

நடைமுறையில் போக்குவரத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சோதனைகளில் பின்பற்றப்படும் எளிய கலவை ஒன்றில், 40 பைட் அளவுள்ள பொதிகள் ஏழு, 576 பைட் அளவுள்ளவை நான்கு, 1,500 பைட் அளவுள்ளது ஒன்று என்ற விகிதம் கொள்ளப்படுகிறது. இக்கலவையின்படி 1 கிகாபிட் இணைப்பில் ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 3.27 லட்சம் பொதிகள் செல்லும்.

இனி நுண்செயலியின் பக்கம் நோக்குவோம். 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஓர் உட்கருவில் வினாடிக்கு நூறு கோடி கடிகாரத் துடிப்புகள் நிகழ்கின்றன. மிகச் சிறிய பொதிகளே வரும் நிலையில், ஒரு பொதிக்குக் கிடைப்பது 672 துடிப்புகள். கலவைப் போக்குவரத்தில் ஏறத்தாழ 3,000 துடிப்புகள். பெரிய பொதிகள் மட்டும் வந்தால் 12,000-க்கும் மேல். முகவரியைப் படித்தல், பட்டியலில் தேடுதல், விதிகளுடன் ஒப்பிடுதல், தலைப்பை மாற்றுதல், அனுப்புதல் ஆகிய அனைத்தும் இந்த ஒதுக்கீட்டிற்குள் முடிய வேண்டும்.

இந்த ஒதுக்கீடு பெரியதாகத் தோன்றினாலும் விரைவில் கரைந்துவிடும். நுண்செயலிக்குள்ளேயே அமைந்த விரைவு நினைவகத்தில் ஒரு விவரம் இல்லையெனில், வெளியிலுள்ள முதன்மை நினைவகத்திலிருந்து அதைப் பெற 60 முதல் 100 நானோ வினாடிகள்வரை ஆகும். 1 கிகாஹெர்ட்ஸ் உட்கருவுக்கு இது 60 முதல் 100 துடிப்புகளின் இழப்பு. 10 கிகாபிட் இணைப்பில் சிறு பொதிகளுக்கு இடையேயுள்ள நேரமே 67 நானோ வினாடிதான். அதாவது, ஒருமுறை நினைவகத்தை நாடி வருவதற்குள் அடுத்த பொதி வந்து நிற்கும். எனவே, ரூட்டருக்கான நுண்செயலியில் கடிகார வேகத்திற்கு இணையாக விரைவு நினைவகத்தின் அளவும் கருதத்தக்கது.

பணி கூடினால் சுமையும் கூடும்

பொதிகளை வழி மாற்றி அனுப்புவது மட்டுமே இன்றைய ரூட்டரின் பணி அன்று. உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுதல், தீயரண் விதிகளின்படி வடிகட்டுதல், அலைவரிசையைப் பயனாளர்களிடையே பங்கிடுதல், தலைமை அலுவலகத்துடன் மறையாக்கம் செய்யப்பட்ட வி.பி.என். பாதை அமைத்தல் ஆகியனவும் சேர்கின்றன. இவற்றுள் நுண்செயலித் தேர்வைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு.

முதலாவது மறையாக்கம். முகவரியை மட்டும் பார்க்கும்போது பொதியின் நீளம் பொருட்டன்று. மறையாக்கத்திலோ ஒவ்வொரு பைட்டும் கணக்கீட்டிற்கு உட்படுகிறது. ஏ.இ.எஸ். என்னும் மறையாக்க முறைக்கான சிறப்புக் கட்டளைகள் 2010-ஆம் ஆண்டு முதல் எக்ஸ் 86 வகை நுண்செயலிகளில் இடம்பெறத் தொடங்கின. இக்கட்டளைகள் உள்ள நுண்செயலி, இல்லாத நுண்செயலியைவிடப் பல மடங்கு விரைவாக மறையாக்கம் செய்யும். எல்லா நுண்செயலிகளிலும் இவை உள்ளன என்று கொள்ளலாகாது. 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணிப்பொறியில் இவ்வசதி இல்லை. 2023-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5-இல் உண்டு. மறுபுறம், 2020-இல் லினக்ஸ் கருநிரலில் இணைக்கப்பட்ட வயர்கார்ட் என்னும் வி.பி.என். முறை, ஏ.இ.எஸ். முறையைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே, எந்த வி.பி.என். முறை பயன்படப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, பிறகே நுண்செயலியைத் தேர்வது முறையாகும்.

இரண்டாவது, உட்கருக்களிடையே பணிப் பங்கீடு. நான்கு உட்கருக்கள் இருந்தால் நான்கு மடங்கு வேகம் கிட்டும் என்று கருதுவது இயல்பு. வலையமைப்பு அட்டை, வரும் பொதிகளை முகவரி அடிப்படையில் வெவ்வேறு வரிசைகளாகப் பிரித்து ஒவ்வோர் உட்கருவுக்கும் ஒரு வரிசையை ஒப்படைத்தால்தான் இது மெய்யாகும். நம் நாட்டில் பல ஒளியிழை இணைப்புகள் பி.பி.பி.ஓ.இ. என்னும் முறையில் வழங்கப்படுகின்றன. இம்முறையில் ஒவ்வொரு பொதியும் மேலுமோர் உறைக்குள் இடப்பட்டு வருவதால், பல அட்டைகளால் உள்ளேயிருக்கும் முகவரியைப் படிக்க இயலுவதில்லை. அனைத்துப் பொதிகளும் ஒரே வரிசையில் சேர்ந்து ஒரே உட்கருவின் மீது சுமத்தப்படுகின்றன. ஏனைய உட்கருக்கள் வாளா இருக்கின்றன. இத்தகைய இணைப்புக்கு, வேகம் குறைந்த எட்டு உட்கருக்களைவிட வேகம் மிகுந்த இரண்டு உட்கருக்களே ஏற்றவை.

நுண்செயலி வகைகள்

ரூட்டர்களில் பயன்படும் நுண்செயலிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, மேசைக் கணிப்பொறிகளிலும் சர்வர்களிலும் பயன்படும் எக்ஸ் 86 வகை. எந்த மென்பொருளும் இதில் எளிதில் இயங்கும். உதிரிகள் எங்கும் கிடைக்கும். குறைந்த மின்செலவில் இயங்கும் சிறு பலகைகளும் இவ்வகையில் உண்டு. 

இரண்டாம் வகை, ஆர்ம், மிப்ஸ் ஆகிய கட்டமைப்புகளைக் கொண்ட ஒருங்கிணைந்த சில்லுகள். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் இடம்பெறுபவை இவையே. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் வீட்டு ரூட்டரில் இருந்தது 125 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மிப்ஸ் நுண்செயலி. அதன் மென்பொருளின் மூலநிரல் 2003-இல் வெளியிடப்பட்டதன் விளைவாக, 2004-இல் ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் தோன்றியது. இவ்வகைச் சில்லுகளில் பொதிகளைக் கடத்தும் பணிக்கெனத் தனிச் சுற்று அமைந்திருப்பதுண்டு. ஆகவே, வேகம் குறைந்த நுண்செயலியைக் கொண்டே இவை கிகாபிட் அளவை எட்டுகின்றன. ஆயின், அலைவரிசைப் பங்கீடு, வி.பி.என். போன்ற பணிகளைச் சேர்த்தால் பொதிகள் அத்தனிச் சுற்றை விட்டு நுண்செயலியிடமே வந்துசேரும். அப்போது வேகம் சரியும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வேகம், எந்தப் பணியும் சேராத நிலைக்குரியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய உள்நாட்டு நுண்செயலி வரிசைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. உரிமக் கட்டணமின்றிக் கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்தலாம் என்பதும், வடிவமைப்பை உள்நாட்டிலேயே ஆராய்ந்து சரிபார்க்கலாம் என்பதும் இவற்றின் சிறப்பு. பிற நாடுகளின் உற்பத்தியைச் சாராத வலையமைப்புக் கருவிகளை அமைக்கும் நெடுநாள் குறிக்கோளுக்கு இவ்வழி முக்கியமானது.

அட்டைகளும் தடமும்

நுண்செயலி எவ்வளவு திறமுடையதாயினும், பொதிகள் அதை வந்தடையும் தடம் குறுகியதாயின் பயனில்லை. பழைய மேசைக் கணிப்பொறிகளில் இருந்த 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பி.சி.ஐ. தடத்தின் உச்ச அளவு வினாடிக்கு 133 மெகாபைட். ஏறத்தாழ 1 கிகாபிட். ரூட்டரில் ஒவ்வொரு பொதியும் உள்ளே வரும்போது ஒருமுறையும் வெளியே செல்லும்போது ஒருமுறையும் இத்தடத்தைக் கடக்கிறது. எனவே, கணக்களவிலேயே பாதி கிகாபிட்டுக்கு மேல் கிட்டாது. பின்னர் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடத்தில், முதல் தலைமுறையின் ஒற்றைப் பாதையே ஒவ்வொரு திசைக்கும் வினாடிக்கு 250 மெகாபைட் அளிக்கிறது. எனவே, பழைய கணிப்பொறியை ரூட்டராக மாற்ற முற்படுவோர் முதலில் நோக்க வேண்டியது தடத்தின் வகையை.

யு.எஸ்.பி. வழியே இணைக்கப்படும் முனைகளிலும் இச்சிக்கல் உண்டு. 2018-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 3 பி பிளஸ் பலகையில் கிகாபிட் முனை இருந்தும், அது யு.எஸ்.பி. 2.0 வழியே இணைக்கப்பட்டிருந்ததால் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 300 மெகாபிட் என்ற அளவில் நின்றது.

அட்டையின் தரமும் முக்கியமானது. ஒவ்வொரு பொதி வந்ததும் நுண்செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும் அட்டை, அதன் நேரத்தை வீணாக்குகிறது. பல பொதிகளைத் திரட்டி ஒரே குறுக்கீட்டில் அறிவிக்கும் அட்டையும், பல வரிசைகளைக் கையாளும் அட்டையும் ஏற்றவை. தேர்ந்தெடுக்கும் இயக்க முறைமையில் அந்த அட்டைக்கான இயக்கி மென்பொருள் நன்கு பேணப்பட்டு வருகிறதா என்பதையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

நினைவகமும் சேமிப்பும்

தீயரண் பணியாற்றும் ரூட்டர், தன் வழியே செல்லும் ஒவ்வொரு தொடர்பையும் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு தொடர்புக்குச் சில நூறு பைட் முதல் 1 கிலோபைட்வரை தேவை. ஒரு லட்சம் தொடர்புகளுக்கு 1 கிலோபைட் வீதம் கொண்டாலும் 100 மெகாபைட்டே ஆகும். எனவே சாதாரண அலுவலகத்திற்கு 2 அல்லது 4 கிகாபைட் நினைவகம் தாராளமாகப் போதும். உலக இணையத்தின் முழு வழிப்பட்டியலையும் பெறும் ரூட்டருக்கே கூடுதல் நினைவகம் வேண்டும்.

வழிப்பட்டியல் வளரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமையின் விளைவை உலகம் ஒருமுறை கண்டது. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணைய வழிப்பட்டியலின் பதிவுகள் 5,12,000 என்ற அளவைத் தாண்டின. பழைய ரூட்டர்கள் பலவற்றில் பட்டியலுக்கென அமைந்த சிறப்பு நினைவகத்தின் இயல்பு எல்லை அதுவே. அன்று பல நாடுகளில் இணையச் சேவை தடுமாற்றம் அடைந்தது. நுண்செயலிகள் பழுதடையவில்லை, இடம் போதவில்லை, அவ்வளவே.

சேமிப்புப் பகுதியைப் பொறுத்தவரை, நிகழ்வுப் பதிவேடுகள் இடைவிடாது எழுதப்படுவதால் மலிவான நினைவு அட்டைகள் விரைவில் தேய்ந்து போகின்றன. சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய பதிவேடுகளை 180 நாட்களுக்கு நாட்டின் எல்லைக்குள் பாதுகாத்து வைக்குமாறு பணிக்கின்றன. ஆகவே, பதிவேடுகளை ரூட்டரிலேயே குவிக்காமல் தனிச் சர்வர் ஒன்றுக்கு அனுப்பிச் சேமிப்பது சிறந்தது.

மின்செலவும் வெப்பமும்

ரூட்டர் ஆண்டின் 8,760 மணி நேரமும் இயங்கும் கருவி. 60 வாட் மின்சாரம் கொள்ளும் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று ரூட்டராக இயங்கினால், ஆண்டுக்குச் சுமார் 526 யூனிட் செலவாகும். 10 வாட் கொள்ளும் சிறு பலகைக்கு ஆகும் செலவு சுமார் 88 யூனிட் மட்டுமே. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 3,504 ரூபாயும் ஐந்தாண்டுகளில் 17,520 ரூபாயும் வேறுபாடு. 'இலவசமாகக் கிடைத்த' பழைய கணிப்பொறி, நாளடைவில் புதிய பலகையைவிட அதிகச் செலவு வைக்கக்கூடும்.

மின்தடை நிலவும் பகுதிகளில் இதன் முக்கியத்துவம் மேலும் கூடுகிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி திறனுள்ள சிறு மின்கலம் 10 வாட் கருவியைக் கணக்களவில் எட்டு மணி நேரம் இயக்கும். 60 வாட் கருவியையோ ஒன்றரை மணி நேரத்திற்குக் குறைவாகவே இயக்கும். நடைமுறையில் இரண்டு அளவுகளுமே இன்னும் குறையும். கோடையில் வெப்பம் 45 பாகையை எட்டும் ஊர்களில், தூசியை உள்ளிழுக்கும் மின்விசிறி இன்றி உலோகப் பெட்டியின் வழியே வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு நெடுநாள் உழைக்கும். ஆனால் அப்பெட்டியைக் காற்றோட்டமில்லாத அலமாரியில் பூட்டி வைத்தல் ஆகாது.

கருவியின் ஆயுள்

வன்பொருள் கெட்டுப்போகும்வரை கருவி பயன்படும் என்ற கருத்து ரூட்டருக்குப் பொருந்தாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்ற நாளே அதன் ஆயுள் முடியும் நாள். 2018-இல் கண்டறியப்பட்ட வி.பி.என்.ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளையேனும் பாதித்ததாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரூட்டர்கள். தேர்ந்தெடுக்கும் நுண்செயலிக்கு எத்தனை ஆண்டுகள் கருநிரல் ஆதரவு கிட்டும் என்ற கேள்வி இங்கு எழுகிறது. உற்பத்தியாளர் தனித்து வழங்கும் பழைய கருநிரலை மட்டும் நம்பியிருக்கும் சில்லைவிட, பொதுவான லினக்ஸ் அல்லது பி.எஸ்.டி. கருநிரலில் நேரடி ஆதரவு பெற்ற சில்லே பாதுகாப்பானது.

வன்பொருளிலும் எதிர்பாராத குறைகள் நேர்வதுண்டு. வலையமைப்புக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட இன்டெல் ஆட்டம் சி2000 வரிசையில், கடிகாரச் சுற்று நாளடைவில் நலிந்து கருவி மீண்டும் இயங்காது போகும் குறை இருந்தது 2017-இல் வெளிப்பட்டது. பிரபலமான சிறு ரூட்டர் பலகைகளைத் தயாரித்து வந்த சுவிட்சர்லாந்தின் பி.சி. எஞ்சின்ஸ் நிறுவனம், புதிய வடிவமைப்புகளைக் கைவிடுவதாக 2023-இல் அறிவித்தது. ஆகவே, ஒரே பலகையை நம்பியிராமல், மென்பொருளையும் அமைப்பு விவரங்களையும் வேறு பலகைக்கு எளிதில் மாற்றத்தக்க வகையில் திட்டமிடுவதும், மாற்றுக் கருவி ஒன்றை இருப்பில் வைப்பதும் இன்றியமையாதன.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய நெறிகளை ஒரு கல்லூரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 400 பயனாளர்கள், 300 மெகாபிட் இணைப்பு ஒன்று, அது அறுந்தால் பயன்படுத்த மற்றொன்று, பல்கலைக்கழகத்துடன் 100 மெகாபிட் வி.பி.என். பாதை. இதுவே தேவை எனக் கொள்வோம்.

கலவைப் போக்குவரத்தில் 300 மெகாபிட்டுக்கு ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 98 ஆயிரம் பொதிகள். இரு திசைகளிலும் சேர்த்துச் சுமார் 2 லட்சம். 1 கிகாஹெர்ட்ஸ் உட்கரு ஒன்றே இப்பணி முழுவதையும் ஏற்றாலும் பொதி ஒன்றுக்கு 5,000 துடிப்புகள் கிட்டும். ஒருவர்க்கு 200 தொடர்புகள் வீதம் 80 ஆயிரம் தொடர்புகளுக்கு 80 மெகாபைட் நினைவகம் போதும். இவ்வாறு கணக்கிட்டால், 2 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் நான்கு உட்கருக்கள், மறையாக்கக் கட்டளைகள், 4 கிகாபைட் நினைவகம், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடத்தில் அமைந்த நான்கு கிகாபிட் முனைகள் ஆகியவற்றைக் கொண்ட 10 முதல் 15 வாட் பலகை ஒன்று, நாளை இணைப்பு இரு மடங்கானாலும் தாங்கும் என்பது தெரியவருகிறது. பன்னிரண்டு உட்கருக்கள் கொண்ட சர்வர் இங்குத் தேவையில்லை. அதற்காகும் தொகையில் மாற்றுப் பலகையும் மின்கலமும் வாங்கலாம்.

இணைப்பு 10 கிகாபிட்டாக இருப்பின் முடிவு வேறு. அங்குச் சர்வர் வகை நுண்செயலியும், பொதிகளை இயக்க முறைமையின் வழக்கமான நீண்ட பாதையைத் தவிர்த்துக் கையாளும் மென்பொருள் உத்திகளும் தேவைப்படும். அதற்கும் மேற்பட்ட அளவுகளில், பொதிகளைச் சிறப்புச் சில்லுகளிலேயே கடத்தும் ஆயத்தக் கருவிகளே சிக்கனமானவை. தனித்து அமைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை உணர்ந்து பயன்படுத்தினால்தான் அது நன்மை பயக்கும்.

ஒப்பந்தப்புள்ளியில் என்ன கேட்பது?

அலுவலர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 'நான்கு உட்கரு, 2 கிகாஹெர்ட்ஸ்' என்று உறுப்புகளின் அளவைக் கேட்கும் ஒப்பந்தப்புள்ளி, அந்த உறுப்புகளைத் தரும். தேவையான பணியைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. 1999-இல் வெளியிடப்பட்ட ஆர்.எஃப்.சி. 2544 என்னும் சோதனை முறை, 64 பைட் முதல் 1,518 பைட் வரையிலான ஏழு அளவுகளில் ஈதர்நெட் கருவியைச் சோதிக்க வழிவகுக்கிறது. 'தீயரண் விதிகளும் முகவரி மாற்றமும் இயங்கும் நிலையில், இன்ன அளவுள்ள பொதிகளுக்கு, வினாடிக்கு இத்தனை பொதிகள், வி.பி.என். இயங்கும் நிலையில் இத்தனை மெகாபிட். மின்செலவு இத்தனை வாட்டுக்கு மிகாமல். பாதுகாப்புத் திருத்தங்கள் இத்தனை ஆண்டுகளுக்கு' என்று விளைவைக் கேட்பதே தக்க முறை. ஒரு மாதிரியைப் பெற்றுச் சோதித்த பின்னரே மொத்தக் கொள்முதலுக்கு ஆணையிடலாம்.

முடிவுரை

ரூட்டருக்கு நுண்செயலி தேர்வது, தேவையைக் கணக்கிடுவதில் தொடங்குகிறது. இணைப்பின் வேகத்தைப் பொதிகளின் எண்ணிக்கையாக மாற்றிக் காண்பது முதற்படி. மறையாக்கமும் இணைப்பு முறையும் சேர்க்கும் சுமையை அறிவது இரண்டாவது. தடம், அட்டை, நினைவகம் ஆகியவற்றில் எது குறுகியது என்று காண்பது மூன்றாவது. ஐந்தாண்டு மின்செலவையும் மென்பொருள் ஆதரவையும் விலையுடன் சேர்த்து எண்ணுவது நான்காவது. இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட அரை நாள் உழைப்பே ஆகும். பொதுப்பணத்தில் போடப்படும் ஒளியிழையின் முழுப் பயனும் அதன் முனையிலிருக்கும் வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் சென்று சேர்வது, அக்கணக்கைக் கருவி வாங்கும் முன்னரே போட்டுப் பார்ப்பதைப் பொறுத்திருக்கிறது.